உள் தாழ்ப்பாள்

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்து பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஆனால் பூட்டை உடைப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவள் மரியபுஷ்பம் ஒருத்திதான். பழனி ரோட்டுக் கம்பெனியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட சோதனைக் கூடத்தில், புதிதாக வந்த பூட்டுகளை மேஜையில் இறுக்கி வைத்து ரம்பத்தால் அறுப்பாள், நீளக் கைப்பிடி வைத்த கட்டரால் கடித்துப் பார்ப்பாள், சாவித் துளைக்குள் டிரில் விடுவாள், வளையத்தை மெஷினில் மாட்டி இழுப்பாள், சம்மட்டியால் அடிப்பாள், ஐஸில் விறைக்க வைத்து மறுபடி அடிப்பாள், கடைசியில் கட்டிங் மெஷினை எடுத்துப் பொறி பறக்க அதன் கழுத்தில் வைப்பாள், எது எவ்வளவு நேரம் தாங்கியது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு அடுத்த பூட்டை எடுப்பாள்.

தாங்கியே நின்ற பூட்டு என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை. அறுக்க வருகிற சக்கரத்தையே தின்றுவிடட்டும் என்று பீங்கான் குருணை கலந்து வார்த்த வளையங்கள் வந்தன, அவையும் சக்கரம் மாற்றி மாற்றி வைத்தால் விட்டுக்கொடுத்தன. அவள் கைக்கு ஒரு சாம்பல் நிறக் கையுறை கொடுத்திருந்தார்கள், கத்தியை வைத்து இழுத்தாலும் அதில் ஒரு இழை அறாது, ஆனால் சாதாரணத் தையல் ஊசி சத்தமில்லாமல் உள்ளே போய் விரலைக் குத்திவிடும். பூட்டு யாரையும் தடுப்பதில்லை, வருகிறவனைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கிறது, அவ்வளவுதான் என்பது அத்தனை வருட உடைப்பில் அவள் கண்டது. அதனாலோ என்னவோ, பேகம்பூர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டில் அவள் தனியாகக் குடியிருந்த வீட்டுக் கதவுக்கு அவள் எந்த நல்ல பூட்டும் வாங்கி மாட்டவில்லை. பிளைவுட் கதவு, அதன் உள்பக்கம் வீட்டுக்காரர் செல்லத்துரை என்றைக்கோ அடித்துவிட்ட அரை ஜாண் அலுமினியத் தாழ்ப்பாள், நாலு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது, கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த செண்பகலட்சுமி காலில் செருப்பில்லாமல் உள்ளே ஓடி வந்தாள். விஷயம் புஷ்பத்துக்குப் பாதி தெரிந்ததுதான். செண்பகம் தன் வீட்டார் ஒருக்காலும் ஏற்காத சாதிப் பையனை, வேன் ஓட்டுகிற கதிரவனை, ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்திருந்தாள். அது தெரிந்த அன்றைக்கே அவள் அண்ணன் ராஜாங்கமும் சித்தப்பாவும் சேர்ந்து கதிரவனின் காலை அடித்து முறித்தார்கள், அவன் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான், இவளை வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் சுவரேறிக் குதித்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, டவுனில் தனக்குத் தெரிந்த ஒரே வீட்டுக்கு வந்திருந்தாள்.

"பின்னாடியே கார்ல வாராங்கக்கா," என்றாள் செண்பகம்.

புஷ்பம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தள்ளும்போதே அவள் மனம் பழக்கத்தில் கணக்குப் போட்டது. ஒரு உதைக்குத் தாங்கும், திருகாணி கழன்று விழுந்தால் இரண்டாவது உதைக்குத் தாங்காது. பின்வாசல் கிடையாது. பெண்ணைச் சமையல் மேடைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, அம்மிக் குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள்.

முதல் உதை விழுந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை. இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது, பிறகு இரண்டு பேர் தோளோடு தோள் சேர்த்து மோதினார்கள், சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடியது, தாழ்ப்பாள் ஆடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் புஷ்பம் காதால் பார்த்தாள், அது அவளுடைய தொழில். இது கடப்பாரை, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விடுகிறான், சரியான இடம்தான். இது அரிவாள், பிளைவுட்டில் அரிவாள் ஈரமண்ணில் மண்வெட்டி மாதிரி இறங்க வேண்டும், இறங்கவில்லை. இது சம்மட்டி, கீலைப் பார்த்து அடிக்கிறான், விவரம் தெரிந்தவன். ஜன்னலுக்குப் போனார்கள், ஒரு குழந்தை கழற்றிவிடக்கூடிய கொக்கி போட்ட மர ஜன்னல், அதுவும் திறக்கவில்லை. கூரைக்கு ஏறினார்கள், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் சம்மட்டி விழ விழப் பாறையில் விழுகிற சத்தம் வந்தது. கடைசியில் தெருமுனை கிரில் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் கொண்டுவந்து கதவிடுக்கில் வைத்தார்கள். அந்த அலறலைப் புஷ்பம் நன்றாக அறிவாள், சக்கரம் தேயத் தேய அதன் குரல் ஏறும், ஏறி ஏறி மெலிந்து அடங்கியது, இன்னொரு சக்கரம் மாற்றினார்கள், அதுவும் அடங்கியது. மசாலா அரைத்தபடி கிடந்தது. செண்பகம் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

போலீஸ் வந்து ஆட்களை விலக்கிய பிறகு இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டிப் பேர் சொன்னார். புஷ்பம் ஒரு விரலால் தாழ்ப்பாளை இழுத்தாள், எப்போதும்போல ஒரு கீச்சுச் சத்தத்தோடு அது வந்தது. கதவின் வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. வாசலில் தேய்ந்துபோன சக்கரங்களும் முனை வளைந்த கடப்பாரையும் கிடந்தன. எதிர்வீட்டுக் கதீஜா வந்து கடப்பாரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குழம்பு தாளித்தாயிற்றா, இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரவா என்று கேட்டாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் அப்படித்தான் இருந்தது. ஒரு தெருவில் திடீரென்று தண்ணீர் இனித்தால் அடுத்த நாள் குடத்தோடு வரிசை நிற்பார்களே தவிர ஏன் இனிக்கிறது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், அதுபோல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அதே மாதிரி அலுமினியத் தாழ்ப்பாள் ஒன்றுகூடக் கிடைக்காதபடி விற்றுப்போயிற்று. மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார், தர்காவிலிருந்து ஒருவர் ஊதுபத்தி கொடுத்தனுப்பினார், முனியப்பன் கோயில் பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை நிலையில் கட்டினார், புஷ்பம் மூன்று பேருக்கும் டீ கொடுத்தாள். காவலுக்கு என்று போட்டிருந்த போலீஸ்காரரை இரண்டாம் வாரமே எடுத்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை, அதுதான் தாழ்ப்பாள் இருக்கிறதே என்று ஸ்டேஷனில் சொன்னதாகக் கதீஜா வந்து சொன்னாள், சொன்னதில் அவளுக்கே தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

செல்லத்துரைக்குத் தன் தாழ்ப்பாளின் மேல் பெருமை வந்துவிட்டது. சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து, உள்ளே தானே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, மருமகனை வெளியிலிருந்து ஓங்கி உதைக்கச் சொன்னார். மருமகன் சும்மா ஒரு உதை விட்டான், மூன்று திருகாணியும் தெறித்து, கதவு திறந்து, செல்லத்துரையின் நெற்றி புடைத்துவிட்டது. பஞ்சு வைத்துக்கொண்டு மறுபடி திருகாணி முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் அடிவாங்கப் பயந்து ஒளிந்த ஒரு காலேஜ் பையன் புஷ்பம் வீட்டில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தான், அப்பா வந்து விரலால் தள்ளியதும் கதவு திறந்தது, அப்பா அவனை அடிக்கவில்லை, சாப்பிடக் கூட்டிப்போனார்.

ஆனால் மூன்றாவது தெருவில் ஒரு பெண் இருந்தாள். அவள் கணவர் பாங்கில் வேலை பார்க்கிறவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒருநாள் அவள் எதுவும் சொல்லாமல் புஷ்பம் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் அக்கா என்று செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர் சிரித்த முகத்தோடு வந்தார், சின்னச் சண்டை என்றார், காம்பவுண்டில் எல்லாரும் சிரித்தார்கள், அவர் உள்ளங்கையால் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார், திறக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். அவரும் நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார். அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தார்கள், அவர்களுக்குத் தாழ்ப்பாள் வழிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் சில வீடுகளில் பேச்சு அடங்கிற்று. ஒரு வீட்டில் யாராவது வெளியே போகச் செருப்பை மாட்டினால், எங்கே போகிறாய், புஷ்பம் வீட்டுக்கா என்று கேட்பது பாதி கேலியாகவும் பாதி பயமாகவும் ஆனது. கேட்டவர்கள் பல பேர் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்து பேசினார்கள்.

கம்பெனி மேனேஜர் தெய்வசிகாமணி நல்ல மனிதர், உலோகவியல் படித்தவர், சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை புஷ்பத்தோடு வீட்டுக்கு வந்து, செண்பகத்திடமும் அனுமதி கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, தாழ்ப்பாளை வெளியே நீட்டிவிட்டு, சின்ன கட்டிங் மெஷினை அதன் மேல் மெல்ல வைத்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பாதியிலேயே மெஷினை எடுத்துவிட்டார். தாழ்ப்பாள் தண்டில் பாதி ஆழத்துக்கு ஒரு வெட்டு பளபளத்தது, உள்ளே வெறும் மட்ட அலுமினியம், காற்றுக் குமிழி வேறு.

வெட்டிப் பார்க்கலாம் என்று புஷ்பமும்தான் ஆசைப்பட்டிருந்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை நெளித்துவிட்டவள்போல அவள் செண்பகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

மேனேஜர் வெகுநேரம் அந்த வெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நாம செய்யிறது ஒண்ணும் தாக்குதல் இல்ல, புஷ்பம். நமக்கு அந்தப் பூட்டு மேல கோபம் இல்ல. உள்ள இருக்கிறது யாருன்னும் நமக்குத் தெரியாது. நேரம் மட்டும்தான் பாக்குறோம்."

அவர் போன பிறகு புஷ்பம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் உடைத்த பூட்டுகளில் எதற்குப் பின்னாலும் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது. அந்த வேலையில் தனக்குத் தெரியாத ஒரு பாதி இருந்திருக்கிறது என்பது அவளுக்கு வருத்தமாக இல்லை, ஆனால் அதற்குப் பிறகு கூடத்தில் சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றுதான் இறங்கியது.

வெட்டுப்பட்ட தாழ்ப்பாளோடுதான் நாட்கள் போயின. கதிரவனின் காலில் கம்பி வைத்திருந்தார்கள், எழுந்து நடக்க இன்னும் நாளாகும், நடந்ததும் ஓசூரில் அவன் சிநேகிதன் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு இருவரும் போய்விடுவது என்று ஏற்பாடு. அதுவரை செண்பகம் வெளியே தலைகாட்டவில்லை. கதீஜா வீட்டுத் துணிகளுக்குப் பித்தான் தைத்தாள், போனில் கதிரவனோடு பேசினாள், பேசாத நேரத்தில் தன் அம்மாவை நினைத்துக்கொண்டாள். அண்ணனையோ சித்தப்பாவையோ அவள் ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் அம்மா பூங்காவனம் சோறு வடிக்கும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து நிற்பாள் என்பதை மூன்று தடவை புஷ்பத்திடம் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா ஒருநாள் வந்தாள்.

வெயில் இறங்கத் தொடங்கிய வேளை. புஷ்பம் காலை ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டுகிற சத்தம் மெதுவாக, விரல் கணுவால் தட்டுகிற சத்தமாக இருந்தது.

"செம்பகம். ஏ தாயி. அம்மா வந்திருக்கேன்."

செண்பகம் எழுந்து கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியிலிருந்து பூங்காவனம் பேசினாள், அழுதுகொண்டே பேசினாள், நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினாள். அண்ணன் மனசு மாறிவிட்டான், தானே வந்து சொன்னான், ஆனது ஆகிவிட்டது, அம்மா, நீ போய்க் கூப்பிட்டால்தான் வருவாள், கூட்டிக்கொண்டு வா, அந்தப் பையனையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்போம், ஊரைக் கூட்டாமல் கோயிலில் வைத்து ஒரு மாலை மாற்றிவிடுவோம் என்றானாம். பேசும்போது உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், எவ்வளவு நாளாயிற்றோ எண்ணெய் வைத்து என்றும் சொன்னாள். அவள் குரலில் பொய் இல்லை. பொய்யைக் காதால் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியும் என்று புஷ்பம் சொல்லிக்கொண்டதில்லை, ஆனாலும் உற்றுக் கேட்டாள், இல்லை. மகளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர அந்தக் குரலில் வேறெதுவும் இல்லை. செண்பகம் திரும்பிப் பார்த்தபோது புஷ்பம் தலையை ஆட்டினாள், திற என்று.

செண்பகம் தாழ்ப்பாளை இழுத்தாள். அது வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள், வரவில்லை. இருங்கம்மா, சிக்கிக்கிச்சு என்று வெளியே சொல்லிவிட்டு மறுபடி இழுத்தாள். புஷ்பம் எழுந்து வந்து பிடியைத் தட்டிப் பார்த்தாள், மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள், கொஞ்சம் எண்ணெய் விட்டாள். பிறகு குறடு எடுத்தாள், பிறகு சுத்தியல் எடுத்தாள், ஸ்குரூ டிரைவரைத் திருகாணித் தலையில் வைத்து முழுப் பலத்தோடு திருகினாள், ஸ்குரூ டிரைவரின் முனை மழுங்கியது. மேனேஜர் பாதி வெட்டி வைத்த இடத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தாள், கைதேர்ந்த இழுப்பு, ரம்பத்தின் பல்தான் உதிர்ந்தது. உள்ளே இருக்கிறவர் கைக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. செண்பகம் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள், என் அம்மா வந்திருக்கு அக்கா, என் அம்மா, திறந்துவிடு அக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகைக்கு எதிர்வீட்டுக் கதீஜா வெளியே வந்துவிட்டாள்.

புஷ்பத்தின் கை ஓய்ந்தது. அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. பேகம்பூரில் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை, சுற்றுப்பட்டு ஊர்களிலும் தெரியாதவர்கள் இல்லை, பூங்காவனத்துக்கும் தெரியும்.

"திறக்கலையா?" என்று அவள் கேட்டாள்.

"திறக்க மாட்டேங்குதும்மா," என்றாள் புஷ்பம்.

"உள்ள இருந்து இழுத்துமா?"

"உள்ள இருந்துதான் இழுக்குறோம்."

கதீஜா பிற்பாடு எல்லாருக்கும் சொன்னது இதுதான். பூங்காவனம் தன் இரண்டு கையையும் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாளாம், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. கொண்டுவந்த கூடையில் மல்லிகைப்பூவும் அதிரசமும் ஒரு புதுச் சேலையும் இருந்தன, குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாளாம். பிறகுதான் மெதுவாகத் திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள். அங்கே வேப்பமரத்தடியில் கார் நின்றது, என்ஜினை அணைக்காமல் நின்றது, மகளைக் கூட்டிப்போக மகன் மட்டும் வருவதாகச் சொன்ன காரில் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வரும்போது அவர்கள் அதில் இல்லை, எங்கே ஏறினார்கள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. கதவுக்கு முதுகு காட்டி, வாசல்படியில், சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேரம் போவதைப் பார்த்து ராஜாங்கம் காரைவிட்டு இறங்கி வந்தான். காம்பவுண்டில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது, யாரும் உள்ளே போகவில்லை. அவன் அம்மாவுக்கு முன்னால் நின்று, என்னம்மா, வரலையா அவ என்று கேட்டான். பூங்காவனம் அவன் முகத்தைப் பார்த்தாள். பெற்ற நாளிலிருந்து பார்த்த முகம்தான், அதை அவள் இப்போது வெகுநேரம் பார்த்தாள்.

"நீ போ சாமி. நான் அவ கூட இருந்துக்கிறேன்," என்றாள்.

"எப்ப வருவ?"

அவள் மடியிலிருந்த சேலையை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். வா அம்மா என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், அவள் கனத்தாள், வயசான ஒடிசலான பொம்பளைதான், ஆனாலும் எழுப்ப முடியவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் கையை விட்டான். அவன் முகத்தில் அப்போது இருந்தது கோபமில்லை என்றும், திருவிழாவில் தொலைந்துபோன சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது என்றும் கதீஜா சொன்னாள், இல்லை கோபம்தான் என்று செல்லத்துரை சொன்னார். எப்படியோ, அவன் நடந்துபோய்க் காரில் ஏறினான், கார் புறப்பட்டுப் போனது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கதிரவன் கைத்தாங்கலாக நடக்கிற மட்டும் தேறியதும் அவனும் செண்பகமும் ஓசூர் போனார்கள், கூடவே பூங்காவனமும் போனாள், அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ராஜாங்கம் ஊரிலேயே இருந்தான், வருடங்கள் கழித்து அம்மாவைப் பார்க்க ஓசூருக்கு ஒருமுறை போனான் என்றும், வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான் என்றும் சொன்னார்கள். புஷ்பம் கம்பெனியிலேயே தொடர்ந்தாள். அவள் வீட்டுக்கு அதற்கப்புறமும் ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள், சில பேருக்குத் தாழ்ப்பாள் நின்றது, சில பேருக்குத் திறந்தது. அடுத்தடுத்த வருடங்களில் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆண்களெல்லாம் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை, பக்கத்துத் தெருக்களில் வேறு சில வீட்டுத் தாழ்ப்பாள்களும் நிற்கத் தொடங்கியிருந்தன, அவ்வளவுதான். அவற்றில் பஸ் ஸ்டாண்டில் வாங்கியவையும் இருந்தன, ஆணியில் கட்டிய வெறும் கயிறும் இருந்தது என்றார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, கார்ச் சத்தம் தேய்ந்து மறைந்த பின்னால், செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளில் விரலை வைத்தாள், அது கீச்சென்று வந்துவிட்டது. கதவு திறந்து அம்மாவின் முதுகு தெரிந்தது. பூங்காவனம் எழுந்திருக்கச் சிரமப்பட்டாள், புஷ்பமும் கதீஜாவும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். உள்ளே வந்தவள் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, அதற்கு அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கூடையைச் சமையல் மேடையில் வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். இல்லை என்று செண்பகம் சொன்னாள்.

புஷ்பம் அரிசி களைந்து உலையில் போட்டாள். கதீஜா எதிர்வீட்டுக்குத் திரும்பினாள், சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. கதவு திறந்தபடியே கிடந்தது, வாசலில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது, தெருமுனையில் வண்டிகள் போவதும் வருவதும் தெரிந்தது. அவற்றில் ஒரு கார் வேகம் குறைந்து நின்றது. அது எந்தக் கார் என்று புஷ்பம் எட்டிப் பார்ப்பதற்குள் பூங்காவனம் எழுந்து போனாள். மகள் முகத்தையும் பார்க்காமல், தெருவையும் பார்க்காமல், கதவைச் சாத்தினாள், வெட்டுப்பட்ட தாழ்ப்பாளைத் தன் கையாலேயே தள்ளி, அது துளைக்குள் முழுதாகப் போய் உட்காருகிறவரை அழுத்திக்கொண்டு நின்றாள்.